இடது பக்கத்து இடம்

ரங்கூன், பெண்கள் அணி முகாம்
நவம்பர் 16

வணக்கத்துக்குரிய பெண் துறவி சயாலே கேமசாரி அவர்களின் பாதம் பணிந்து, அக்கா யாமின் எழுதுவது.

தாங்கள் நலமா? மடத்தில் எல்லோரும் நலமா? தங்கள் வயிற்றுவலி திரும்பி வந்ததா? நான் நலம்.

மரியாதை இத்தோடு போதும். மடத்துக்கு நீ கேமசாரி, எனக்கு என் தங்கை ஞோ ஞோதான். உன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வளர்ந்த கை இது. ‘தாங்கள்’ என்று எழுதக் கூசுகிறது. வேறு யாராவது பிரித்துப் படித்தால் என்ன நினைப்பார்களோ என்றுதான் முதல் நான்கு வரி.

விஷயத்துக்கு வருகிறேன். தேசிய கால்பந்து அணி முகாமுக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். முப்பது பேர் வந்திருக்கிறோம். பிப்ரவரியில் இருபது பேரை வைத்துக்கொண்டு மீதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மார்ச்சில் மாண்டலேயில் நான்கு நாடுகள் கோப்பை. இதற்கு முன் இரண்டு முறை முகாம் வரை வந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் பக்கோக்குவுக்கு பஸ் ஏறியவள் நான். மூன்றாவது முறை பஸ் ஏறுவதாக இல்லை.

ஒரு சிக்கல். வலது பக்கம் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேரும் என்னைவிட நன்றாக ஆடுகிறார்கள். எங்கள் பயிற்சியாளரை நாங்கள் சயாமா என்று கூப்பிடுகிறோம். மூன்றாம் நாளே என்னை நிறுத்திக் கேட்டார்: “இடது பக்கம் காலியா இருக்கு. அங்க ஆடுறியா, இல்ல வீட்டுக்குப் போறியா?”

“இடது பக்கம் ஆடுறேன், சயாமா.”

“இடது கால் எப்படி?”

“நல்லாயிருக்கு சயாமா” என்றேன். என் இடது கால் படியேறுவதற்கு மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். உன் இடது காலை ஊரே பார்த்தது. பதினேழு வயதில் அந்தக் காலால் நீ தூக்கி அடித்தால் பந்து சொன்ன இடத்தில் போய் இறங்கும். எப்படிச் செய்தாய்? கேட்கக் கூடாதென்றால் மன்னித்துவிடு. ஆனால் பதில் எழுது.

உன் அக்கா,
யாமின்


சகாயிங்
டிசம்பர் 2

மும்மணிகளின் காவல் அக்காவுக்கு உண்டாகட்டும்.

உன் கடிதம் வந்தது. நலம் என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. எனக்கும் வயிறு இப்போது சரியாக இருக்கிறது. இங்கே பனி இறங்கத் தொடங்கிவிட்டது, விடிகாலையில் குன்றுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மார்ச்சில் எனக்கும் தம்மாசரியத் தேர்வு, தேறினால் மடத்தில் பாடம் சொல்லித்தரலாம். போன வருஷம் துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கேட்கும் விநயத் தாளில் மட்டும் தவறினேன். அதனால் அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எனக்கு முன்னால் உட்காரும் சயாலேக்கள் இரண்டு பேர் என்னைவிட நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் எனக்கு இடது பக்கம் என்று எதுவும் காலியாக இல்லை.

பந்தைப் பற்றி நீ கேட்டாய். ஏழு வருஷமாக நான் பந்தைத் தொட்டதில்லை. அதைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது.

அம்மாவுக்கு எழுது. நீ எழுதவில்லை என்று எனக்கு எழுதுகிறாள்.

கேமசாரி

உதைக்கும் காலை மறந்துவிடு. நிற்கும் காலைப் பார். நீ எப்போதும் வலது காலைப் பந்துக்குப் பின்னால் ஊன்றுகிறாய். பந்துக்குப் பக்கத்தில் ஊன்று, முட்டியை மடக்கு. இடது கால் தானே வரும். இதற்கு மேல் கேட்காதே.


ரங்கூன்
டிசம்பர் 19

சயாலே அவர்களுக்கு வணக்கம். நலமா? நான் நலம், வலது தொடையைத் தவிர. நிற்கும் காலில் இவ்வளவு வேலை இருக்கிறதென்று இருபத்தாறு வயது வரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தினமும் பயிற்சி முடிந்ததும் இன்னும் நூறு பந்து அடிக்கிறேன். என் அறைத்தோழி நாங் செங், எங்கள் கோல்கீப்பர், ஷான் மலைக்காரி, கோலில் நின்றுகொண்டு எண்ணுவாள். முதல் வாரம் நான் அடித்ததில் பாதி வேலிக்கு வெளியே போனது. வேலிக்கு அந்தப் பக்கம் மொஹிங்கா விற்கிற அம்மா கத்தினார்: “மீன் குழம்புல பந்தைப் போட்டா நான் நூடுல்ஸ எங்க போடுறது?”

நாங் செங் சொன்னாள், “உன்ன நம்பி கோலை விட்டு வெளிய வரமாட்டேன்டி. நீ எந்தப் பக்கம் அடிப்பேன்னு உனக்கே தெரியல.”

நேற்று அறுபத்திரண்டு பந்து நான் நினைத்த இடத்தில் விழுந்தன. சயாமா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டாததே அவர் வழக்கத்தில் நல்ல செய்தி.

இந்த இடத்துக்குப் போட்டி சூமோன் என்ற பெண். பத்தொன்பது வயது. பிறவியிலேயே இடது கால். ஓடினால் பிடிக்க முடியாது. என்னை ‘பெரியக்கா’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாள், அதில் ஒரு குறும்பு இருக்கிறது. இருக்கட்டும். அவளுக்கு வேகம் இருக்கிறது, எனக்குப் பிடிவாதம் இருக்கிறது.

நன்றாகப் படி. வயிறு பத்திரம்.

யாமின்


சகாயிங்
ஜனவரி 8

அக்கா நலமாக இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம்.

அரிசிப் பிச்சைக்குப் போனபோது சந்தையில் ஒரு காய்கறிக்காரி என் தட்டில் ஒரு கரண்டி அரிசி போட்டுவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தாள். “பக்கோக்கு சயாலேதானே? உங்க அக்கா பந்து ஆடுறாங்களாமே? பத்திரிகைல படம் வந்திருக்கு, கடைசி வரிசைல.” இன்னொரு கரண்டியும் போட்டாள். அது யார் புண்ணியம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

உன் முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலின் நகல் மேசையில் கிடந்ததை மடத்தலைவி பார்த்துவிட்டார். “நிற்கும் காலைப் பார்னு எழுதியிருக்கியே, நின்னுக்கிட்டுச் செய்யுற தியானமா?” என்றார். ஆமாம் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொன்னேன், எதற்கு என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பரீட்சை முடியட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போன கடிதத்தில் கடைசிக்கு முந்தின வரியை எழுதி, மையால் அடித்திருந்தாய். நான் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

கேமசாரி


ரங்கூன்
பிப்ரவரி 3

ஞோ ஞோ,

நலமா என்று கேட்டுவிட்டேன், நலம் என்று வைத்துக்கொள்.

நீ தாளைத் திருப்பிப் பார்த்திருக்கிறாய். பார்க்காதவள் அதைப் பற்றி எழுதமாட்டாள். சரி, அடிக்காமலே எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன் அணிக்கு ஆள் எடுக்க அந்தத் தேர்வாளர் ரங்கூனிலிருந்து பக்கோக்குவுக்கு வந்தது உன்னைப் பார்க்க. உன் இடது காலைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் அவ்வளவு தூரம் வந்தார். நீ திங்யான் புத்தாண்டு விடுமுறைக்கு ஒரு வாரம் மட்டும் துறவியாகச் சீவர உடை போட்டுக்கொள்ளப் போனவள், எல்லாப் பெண்களும் திரும்பி வந்த பிறகும் வரவில்லை. அவர் மைதானத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு, “வந்தது வந்தாச்சு, வேற யாராவது ஆடுறவங்க இருந்தா வாங்க” என்றார். நான் போனேன். அப்படித்தான் நான் இங்கே இருக்கிறேன்.

நீ அக்காவுக்காக ஒதுங்கிக்கொண்டாய் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா இன்றைக்கும் கண் கலங்கச் சொல்கிறாள். நீ ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என்னால்தான் நீ வரவில்லையா?

இன்னும் பன்னிரண்டு நாளில் பட்டியல். அதற்கு முன் பதில் வந்தால் நல்லது.

யாமின்


ரங்கூன்
பிப்ரவரி 20

சயாலே அவர்களுக்கு வணக்கம். பதில் வரவில்லை. தபாலைக் குறை சொல்லிக்கொள்கிறேன்.

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். இருபது பெயர். எல்லோரும் மேலிருந்து படித்தார்கள். எனக்கு அனுபவம் இருப்பதால் கீழேயிருந்து படித்தேன். முதலில் கண்ணில் பட்டது என் பெயர்தான், இருபதாவது. நாங் செங் என்னைத் தூக்கிச் சுற்றினாள். சூமோன் பெயர் ஆறாவது. “பெரியக்கா, நீங்களும் வர்றீங்களா? பெட்டி தூக்க ஆள் வேணும்னு நெனச்சேன்” என்றாள். “பெட்டியையும் தூக்குவேன், உன் இடத்தையும் தூக்குவேன்” என்றேன். சிரித்தாள், ஆனால் அன்று மாலை பயிற்சியில் இரண்டு சுற்று அதிகமாக ஓடினாள்.

போட்டி மார்ச் 21 முதல் 27 வரை. அம்மா முகத்தில் அரைத்துப் பூசும் தனகாக் கட்டைக் கடையைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு மாண்டலே வருகிறாள். சகாயிங்கிலிருந்து பாலம் தாண்டினால் மாண்டலே. நீ வரக்கூடாது என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

யாமின்


சகாயிங்
மார்ச் 5

அக்காவுக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். நலம். நீ தேர்வானது கேட்டு மிகவும் மகிழ்ந்தேன்.

ஆட்டம் பாட்டம் பார்ப்பதில்லை என்பது நான் தினமும் எடுக்கும் எட்டுச் சீலங்களில் ஒன்று. தவிர, மார்ச் 22 முதல் எனக்குத் தேர்வு. அந்த வாரம் நாம் இரண்டு பேரும் நம் நம் வேலையைப் பார்ப்போம்.

நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. அதற்காக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

கேமசாரி


மாண்டலே
மார்ச் 29

அன்புள்ள ஞோ ஞோ,

நலம்தானே? தேர்வு எப்படி எழுதினாய்? நான் நலம். இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் காயம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நீ பார்க்கத்தான் கூடாது, படிக்கலாம்.

முதல் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷம் இறக்கினார்கள். சூமோன் அபாரமாக ஆடினாள், ஆனால் இரண்டு ஆட்டத்திலும் மஞ்சள் அட்டை வாங்கிவிட்டாள். அதனால் வியட்நாமோடு இறுதி ஆட்டத்துக்கு அவளுக்குத் தடை. சயாமா என்னிடம் வந்து, “யாமின், இடது பக்கம்” என்றார். அவ்வளவுதான். சூமோன் தன் முழங்கால் பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். “பெரியக்கா, அந்த ஏழாம் நம்பர் உள்பக்கமா திரும்புவா. வெளிய போற மாதிரி நடிப்பா, நம்பாதீங்க.” அப்போது அதில் குறும்பே இல்லை.

அரை மணி நேரத்தில் ஒரு கோல் போட்டோம். பிறகு இருந்த ஒரு மணி நேரமும் அந்த ஏழாம் நம்பருக்கும் எனக்கும்தான். குட்டையான பெண், காற்று மாதிரி. முதல் இரண்டு முறை என்னை ஏமாற்றிவிட்டுப் போனாள். அம்மா எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்கிறாய்? சயாமாவுக்கு நேர் பின்னால். பத்தாயிரம் பேர் கத்தினாலும் அம்மா குரல் தனியாகக் கேட்கும்.

“அடியே யாமின், அந்தக் குட்டச்சிய உள்ள விடாதடி. லுங்கிய, இல்ல, சட்டையப் புடிச்சு இழு.”

சயாமா திரும்பி, “அம்மா, சட்டையப் பிடிச்சா பெனால்டி” என்றார்.

“அப்ப பிடிக்காதடி யாமின், டீச்சரம்மா வேணாங்குறாங்க.”

மூன்றாவது முறை நான் ஏமாறவில்லை. நான்காவது, ஐந்தாவது முறையும் ஏமாறவில்லை. அவள் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. அந்த எரிச்சலைப் பார்க்க எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று ஒரு துறவிக்கு எழுதக் கூடாது.

எண்பத்தெட்டாவது நிமிஷம் பந்து எங்கள் கோல் பக்கம் உயரமாக வந்தது. நாங் செங் வெளியே ஓடி வந்து தட்டப் பார்த்தாள், விரல் நுனிதான் பட்டது. பந்து அவள் தலைக்கு மேல் போய்த் தரையில் ஒருமுறை குதித்து, காலிக் கோலை நோக்கி உருண்டது. ஏழாம் நம்பர் அதன் பின்னால். நான் அவள் பின்னால். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. கோட்டின் மேல் பந்தைக் காலால் வெளியே தள்ளிவிட்டு, அதே வேகத்தில் கம்பத்தில் போய் மோதினேன். அதுதான் விலா.

ஜெயித்தோம். ஒன்றுக்குச் சைபர்.

மருத்துவர் கட்டுப் போடும்போது ஒன்று தோன்றியது. கோட்டின் மேல் பந்தைத் தள்ளியது என் கால். நீ சொல்லிக்கொடுத்தது அதில் இல்லை, நீ விட்டுப்போனதும் அதில் இல்லை. அந்த இடத்தில் நின்றது நான். அதனால் பிப்ரவரியில் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டாம். உண்மையிலேயே வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

யாமின்


சகாயிங்
ஏப்ரல் 22

அக்கா விரைவில் குணமாகட்டும். விலாவில் சூடான உப்பு ஒத்தடம் கொடு.

பதில் வேண்டாம் என்று எழுதினாய். உனக்கு வேண்டாம். எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திங்யானுக்கு மடத்துக்கு வந்த மூன்றாம் நாள், ஒரு சயாலே கரும்பலகையில் ஒரே ஒரு பாலிச் சொல்லை எழுதினார். அதை மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொருள் சொல்லி, மறுபடி சேர்த்தார். சேர்த்தபோது அது பழைய சொல்லாக இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சின்ன வயதில் பந்து காலில் சரியாக வந்து உட்காரும்போது அப்படி இருக்கும். ஆனால் கடைசி ஒரு வருஷமாகப் பந்தில் அது வரவில்லை, அக்கா. எனக்குச் சலித்துப்போயிருந்தது. ஊரே கை தட்டிக்கொண்டிருந்ததால் சொல்ல வாய் வரவில்லை.

தேர்வாளர் வரும் நாள் எது என்பதே எனக்கு மறந்துபோனது. அன்று காலை நான் சொற்களைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். அன்று உன்னை நான் நினைக்கவே இல்லை.

பிறகு அம்மா அரிசி மூட்டையோடு வந்து, “அக்காவுக்காக ஒதுங்கிக்கிட்டியா கண்ணு?” என்று அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்க இனிமையாக இருந்தது. இங்கே இளைய துறவிகள்கூட அந்தக் கதையைப் பேசினார்கள், என்னைத் தனி மரியாதையோடு பார்த்தார்கள். பொய் பேசக் கூடாது என்பது நான்காவது சீலம். தலையைக் குனிவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று ஏழு வருஷம் எனக்கு நானே வாதாடினேன்.

விநயத் தாளில் ஒரு கேள்வி வந்தது: தெரிந்தும் மௌனமாக இருப்பது எப்போது பொய்யாகும்? ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினேன். ஒரு வரிகூடத் தவறில்லாத விடை. எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதையே எனக்காக இன்னொரு முறை படித்தேன்.

நான் உனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மன்னித்துவிடு.

கேமசாரி


சகாயிங்
ஜூன் 3

அக்கா நலமா? நான் எழுதி ஆறு வாரமாகிறது, உன் பதில் இல்லை. விலா ஆறிவிட்டதா? மழை தொடங்கிவிட்டது, மடத்துக் கூரை ஒழுகுகிறது, நான் நலம்.

முடிவு வந்தது. தேறிவிட்டேன். மடத்தலைவி பட்டியலில் என் எண்ணை விரலால் தொட்டுக் காட்டி, “இப்பச் சொல்லு, அந்த நிற்கும் காலை எங்க ஊனணும்?” என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை. உனக்குத்தான் முதலில்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது.

ஞோ ஞோ


ரங்கூன்
ஜூன் 17

தம்மாசரியா கேமசாரி அவர்களுக்கு யாமின் வணங்கி எழுதுவது. தாங்கள் தேறியது கேட்டு அளவற்ற மகிழ்ச்சி. உன் கடிதத்தை உணவுக்கூடத்தில் நின்று உரக்கப் படித்தேன். சூமோன் மேசையில் தட்டினாள். தம்மாசரியா ஆக எத்தனை தாள் எழுத வேண்டும் என்று இப்போது எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது.

கோபமாகத்தான் இருந்தேன். ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும் மடித்துப் பெட்டியில் அடியில் போட்டுவிட்டேன். உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏழு வருஷமாக எந்த மைதானத்தில் இறங்கினாலும் முதலில் சகாயிங் எந்தத் திசை என்று பார்ப்பேன். அந்தப் பக்கம் திரும்பி ஒரு கணம் தலை வணங்கிவிட்டுத்தான் ஆடத் தொடங்குவேன். முகாமிலிருந்து திருப்பி அனுப்பிய இரண்டு முறையும் பஸ்ஸில் அழுதது எனக்காக இல்லை. நீ விட்டுக்கொடுத்ததை வீணாக்கிவிட்டேனே என்று அழுதேன். அப்போது நீ அங்கே சொற்களைப் பிரித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறாய்.

இதை நாங் செங்கிடம் சொன்னேன். “அப்ப அந்தப் பொண்ணு அவளுக்குப் பிடிச்சதுக்குப் போனா, நீ உனக்குப் பிடிச்சதுக்கு வந்தே. இதுல யாருக்கு என்னடி நஷ்டம்?” என்றாள். அன்றிலிருந்து கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. போகும்.

அம்மா அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வருகிறாள். நான் எதுவும் சொல்லவில்லை. நீயே சொல். முகத்தைப் பார்த்துச் சொல். திட்டுவாள், பிறகு நீ தேறியதை பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

ஆகஸ்டில் ஹனோய் போகிறோம். இந்த முறை பட்டியலில் நான் நான்காவது. சூமோனை நடுவில் ஆட வைக்கப் போகிறாராம் சயாமா. இடது பக்கம் எனக்கு.

நேற்று ஒரு பயிற்சி ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது, இறங்கும்போது திசை பார்க்கவில்லை. எந்தப் பக்கம் சகாயிங் என்றே தெரியாமல் நாற்பத்தைந்து நிமிஷம் ஆடியிருக்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் இறங்கினேன்.

மழைக்காலம், ஈரத்தில் உட்காராதே. மதியத்துக்கு மேல் நீ சாப்பிடக் கூடாது, அதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிடு.

உன் அக்கா,
யாமின்